மாமாவின் அறுபதும் லிம்போக் கம்பும்

மைக் கையில் கிடைத்தால் வாயை மூடத் தெரியாதவர்களில் நானும் ஒருவன். மற்றவர்களுக்கு அதனால் தொண்டைதான் கட்டும். எனக்கோ கலியாணமே கவிழப் பார்த்தது.

இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. வதனியைக் கட்டித் தரும்படி அவளுடைய அப்பாவிடம் கேட்டிருந்தேன். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றவர் மாதக்கணக்காக யோசித்துக்கொண்டே இருந்தார். அதற்கிடையில் அவருக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் நகரின் ஸ்டோவ்னர் பகுதியில் மண்டபம் எடுத்திருந்தார்கள்.

"அப்பாவின்ரை மனசைப் பிடிக்க இதுதான் சந்தர்ப்பம். ஏதாவது கலகலப்பாச் செய்யுங்கோ," என்றாள் வதனி.

என்னோடு வேலை செய்த டிரினிடாட்காரர் ஒருவர் லிம்போ ஆட்டம் காட்டித் தந்திருந்தார். இரண்டு பேர் கம்பைக் கிடையாகப் பிடிக்க, மற்றவர்கள் முதுகைப் பின்னால் வளைத்து அதன் அடியால் போகவேண்டும். ஆட்டிறைச்சிக் கறியோடு சோறு உண்ட வயிறுகள் அந்தக் கம்புக்கடியால் போன அழகை என்ன சொல்ல! மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்தார். (மனதுக்குள் அவரை எப்போதோ மாமா ஆக்கிவிட்டேன்.) எல்லோரும் கைதட்டிக் கூப்பிட, சால்வையைக் கழற்றி வைத்துவிட்டு அவரும் கம்புக்கு முன்னால் வந்து வளைந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நாக்கில் சனி. மைக்கை எடுத்தேன்.

"இந்த ஆட்டத்தின்ரை வரலாறு தெரியுமோ? டிரினிடாட்டிலை இது செத்தவீட்டிலை ஆடுறது!"

பாட்டு நின்றது. சாப்பிட்டவர்களின் கை நின்றது. மாமா பாதி வளைந்தபடியே நின்றார்.

"ஐயோ, என்ரை மனுசனுக்கு இண்டைக்கு அறுபது!" என்று வதனியின் அம்மா தலையில் கைவைத்தார். வதனி என் பக்கமே திரும்பவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இல்லை அன்ரி, முழுக்கக் கேளுங்கோ," என்று உளறினேன். "நாங்கள்தான் கம்பை வரவரக் கீழை இறக்கிறம். அங்கை முந்தி கீழையிருந்து மேலை தூக்குவினமாம். சாவிலையிருந்து சீவனுக்கு ஏறி வாறது எண்டுதான் அதுக்குக் கருத்து."

அன்ரி தலையிலிருந்து கையை எடுத்தார். "அப்ப தூக்கடா கம்பை!" (அதுவரை என்னைத் 'தம்பி, வாங்கோ' என்றவர்.)

தூக்கினோம். "இன்னும்!" என்றார். கதிரையில் ஏறி நின்று தூக்கினோம். மாமா நிமிர்ந்து, வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவாமி வீதிவலம் வருகிறமாதிரி அதன் அடியால் நடந்து வந்தார். யாரோ "அரோகரா!" என்றே சொல்லிவிட்டார்கள். நேரே என்னிடம் வந்தவர் மைக்கைப் பறித்தார்.

"இவனை வெளியிலை விட்டா இன்னும் எத்தினை வீட்டிலை போய்க் கதைப்பானோ! என்ரை வீட்டோடையே வைச்சிருக்கிறன்."

அதுதான் சம்மதம் என்பது எனக்கு விளங்குவதற்கு வதனி வந்து கிள்ள வேண்டியிருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமல்ல.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும், உயரத் தூக்கிய கம்புக்கடியால் நடக்காமல் கேக் வெட்டமுடியாது. பார்த்தவர்கள் தங்கள் வீடுகளிலும் செய்யத் தொடங்கினார்கள். அண்மையில் பக்கத்துப் பகுதியான வெஸ்ட்லியில், எங்களுக்கு அவ்வளவு பழக்கமில்லாத ஒருவரின் அறுபதாவது பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். அங்கேயும் கம்பு! அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு பூசியிருந்தார்கள்.

"இது என்னத்துக்கு?" என்று பக்கத்தில் இருந்த பெரியவரிடம் மெல்லக் கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நீர் யாழ்ப்பாணம்தானே? இது எங்கடை ஆக்களின்ரை பழைய முறையெல்லோ!"