சிம்மாசனத்தில் ஒரு கடைவாய்ப்பல்

பல்லுக்கும் யோகத்துக்கும் உள்ள உறவை உலகம் இன்னும் முழுதாக உணரவில்லை. ரேவாகஞ்ச் உணர்ந்துவிட்டது. எங்கள் மாவட்ட மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

எல்லாம் ஒரு காணொளிக் கூட்டத்தில் தொடங்கியது. போபாலிலிருந்து இணை இயக்குநர் நாயக் பேசினார். யோகா தினத்துக்கு ஒவ்வொரு மாவட்டமும் ஒன்றில் "முன்மாதிரி" ஆகவேண்டும் என்றார். அவர் வாயில் பீடா இருந்தது. எப்போதும் இருக்கும். வெள்ளைச் சட்டைக்காரர் என்பதால் உதட்டை அதிகம் திறக்கமாட்டார்.

"ரேவாகஞ்ச்... தந்த்," என்றார்.

எங்கள் தலைமை மருத்துவர் பாட்டக் மரியாதையாக எழுந்து நின்றார். திரையில் அவர் தலை மறைந்து வயிறு தெரிந்தது.

"தந்தமா சார்? பல்லா?"

"ஹ்ம்ம்," என்றார் நாயக், அண்ணாந்தபடி.

எங்கள் துறையில் மேலதிகாரியின் "ஹ்ம்ம்" அரசாணைக்கு மேல். அரசாணையைத் திருத்தலாம்.

திரை அணைந்ததும் பல் மருத்துவர் நீலிமா கரே கையைத் தூக்கினார்.

"சார், அவரு தண்ட்னு சொல்லியிருப்பாரு. பீடா அடைச்சதுல நமக்குத் தந்த்னு கேட்டிருக்கு."

எங்கள் இந்தியில் தண்ட் என்றால் தண்டால். தண்டனைக்கும் அதே சொல்தான். சிக்கனமான மொழி.

"சுகாதாரத் துறை எதுக்கு நீலிமாஜி தண்டால் எடுக்கணும்? நாம என்ன பயில்வானா?"

"ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே சார்."

"'நீங்க பேசினது புரியல'ன்னு மேல இருக்கறவருகிட்ட நான் சொல்லணுமா?" பாட்டக் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மருத்துவமனையில் ஏ.சி. ஓடும் ஒரே அறை பல் மருத்துவ அறை. அதுவே "தந்த யோக உயர் மையம்" ஆனது. பல் பிடுங்கும் நாற்காலியைத் தரையிலிருந்து கழற்றி, கிடங்கில், கால் ஒடிந்த கட்டில்களுக்கு நடுவே படுக்க வைத்தோம். நோயாளிகளைப் படுக்க வைத்தே பழகிய நாற்காலி. ஓய்வு அதற்கும் தேவைதான்.

நீலிமா விடவில்லை. "யோகா நல்லதுதான் சார். நானே பேஷன்ட்டுங்களுக்குச் சொல்றேன். மனசு அடங்கினா ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிறது குறையும். மூக்கால மூச்சு விட்டா வாய் வறளாது, ஈறுக்கும் நல்லது. ஆனா சீழ் புடிச்ச பல்லு மூச்சுக்கெல்லாம் பயப்படாது. அதுக்கு நாற்காலி வேணும்."

"நாற்காலி போனா போகுது. ஆச்சாரியார் சிம்மாசனமே தர்றாரு!" என்றார் பாட்டக்.

மையத்துக்காக வரவழைத்திருந்த யோகா ஆசான், ஆச்சாரியார் சுகதேவ், தலையசைத்தார். சிம்மாசனம் என்பது மண்டியிட்டு, வாயைப் பிளந்து, நாக்கை முகவாய்வரை நீட்டி, சிங்கம்போல் கர்ஜிப்பது. முதலில் செய்து காட்டியபோது வெளியே வரிசையில் பாதிப் பேர் "குணமாகி" வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த வாரம்தான் மங்கத்ராம் வந்தான். கல்யாண பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறவன். வலது கன்னம் வீங்கி, ஊதிக்கொண்டே வந்தவன்போல் இருந்தான்.

"டாக்டரம்மா, இதப் புடுங்கிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை ஊர்வலம் இருக்கு. நான் ஊதலன்னா முதலாளி என் மச்சான்கிட்ட குடுத்துடுவாரு. அவன் ஊதினா குதிரை மாப்பிள்ளையக் கீழ தள்ளிட்டு ஓடிடும். அப்புறம் ட்ரம்பெட் எனக்குத் திரும்பி வராது."

நீலிமா தரையில் நாற்காலி இருந்த ஓட்டைகளைப் பார்த்தார். "முதல்ல மாத்திரை சாப்பிடு. வீக்கம் வடியட்டும். எப்படியும் எடுத்துடறேன்."

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. வலி வடியவில்லை. வடிந்ததைப் பாட்டக் யோகத்தின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

"இவன்தான் நம்ம பயனாளி! இயக்குநர் முன்னாடி சிங்கம் பண்ணுவான். வலி போச்சுன்னு சொல்லுவான்."

"போகலன்னா சார்?" என்றான் மங்கத்ராம்.

"போனதா சொல்லு. போறத அப்புறம் பார்த்துக்கலாம்."

யோகா தினமும் வந்தது. இணை இயக்குநர் அமர்வதற்காகப் பந்தல்காரரிடம் கல்யாண நாற்காலி எடுத்திருந்தோம். சிவப்பு வெல்வெட், கைப்பிடிகளில் இரண்டு சிங்க முகங்கள். நாயக் அதில் அமர்ந்தார். மேலே தொங்கிய "தந்த யோகத் திருவிழா" பதாகையைப் படித்தார். கண்கள் விரிந்தன. வாய் விரியவில்லை. சட்டை புதிது.

மங்கத்ராம் மண்டியிட்டான். வாயைப் பிளந்தான். மேடைக் கூலரின் குளிர்ந்த காற்று சொத்தையில் பட்டது.

அப்படியொரு கர்ஜனை எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை. ஆச்சாரியார் இரண்டடி பின்வாங்கினார். கூட்டம் எழுந்து கைதட்டியது.

பாட்டக் மைக்கை நீட்டினார். "வலி போச்சா?"

"ஐயோ, உசுரு போகுது சாமி!"

"போகுது என்கிறார்!" என்று அறிவித்தார் பாட்டக்.

நாயக் பொறுக்க முடியாமல் எழுந்தார். பேசவேண்டும், அதற்கு முன் துப்பவேண்டும். மேடைக்குப் பின்னால் போனார். நெடுநாள் சேமிப்பு; நேரம் பிடித்தது.

நீலிமா பையோடு மேடையேறினார். "மங்கத்ராம், எழுந்திரு. அதுல உக்காரு."

"அது பெரிய ஐயாவோட நாற்காலிம்மா."

"சாய்ஞ்சுக்கலாம்ல? அது போதும். வாயைத் திற."

ஊசி போட்டார். மரத்துப்போகும்வரை காத்திருக்க வேண்டும். மேடையில் நடப்பதைத் தடுப்பதா, மறைப்பதா என்று தெரியாத பாட்டக், வரவேற்புரையைத் தொடங்கிவிட்டார். மங்கத்ராமின் தாடை மரத்தது. கூட்டமும் மரத்தது. நீலிமா குறடை எடுத்தார். அந்த ஆண்டிலேயே எங்கள் மருத்துவமனையில் சத்தமில்லாமல் முடிந்த ஒரே வேலை அது.

"அவ்வளவுதானாம்மா? எடுத்தாச்சா?" மங்கத்ராம் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஊதக்கூடாது. அன்னிக்கும் மெதுவா ஊது."

நாயக் திரும்பி வந்தார். வாய் காலி. அவருடைய தெளிவான குரலை அன்றுதான் நாங்கள் கேட்டோம்.

"நான் கேட்டது தண்ட்யா! தண்டால்! நடுவுல இந்தப் பல்லு எங்கேர்ந்து வந்துச்சு?"

பாட்டக் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. தலைமைப் பண்பு என்பது அதுதான். நீலிமாவின் கையிலிருந்த கிண்ணத்தைக் காட்டினார். அதில் பல் இருந்தது.

"இந்தம்மாகிட்டேர்ந்து சார்."

விசாரணை தேவைப்படவில்லை. "யோக மேடையில் கருவியைப் பயன்படுத்தியது, சிறப்பு விருந்தினரின் ஆசனத்தை ஆக்கிரமித்தது" ஆகிய குற்றங்களுக்காக நீலிமா காட்டோரச் சுகாதார நிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அங்கே நாற்காலியும் இல்லை, கிடங்கும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை குதிரை ஓடவில்லை. மறுநாள் பேருந்து நிலையத்தில் டாக்டரம்மாவை வழியனுப்ப மங்கத்ராம் ஊதினான். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை.

உயர் மையம் சிறப்பாக நடக்கிறது. இப்போதெல்லாம் பல்வலி என்று எவரும் எங்களிடம் வருவதில்லை. இதை அறிக்கையில் "முழு ஒழிப்பு" என்று குறிப்பிட்டிருக்கிறோம்.

இணை இயக்குநர் கேட்டது தண்ட். தண்டால் எடுக்கும் உடம்பு எங்களில் எவருக்கும் இல்லை. அதனால் அதன் இன்னொரு பொருளைக் கொடுத்துவிட்டோம், ஊரில் பல் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரே ஆளுக்கு.