ஒன்பதடி வண்டியும் மாப்பிள்ளை அழைப்பும்

ஒரு பொருளைப் பற்றி விழுந்து விழுந்து வீடியோ பார்த்தவனின் பேச்சைக் கேட்டு அந்தப் பொருளை வாங்கக் கூடாது. வாங்கித் தொலைத்தாலும் சாவியை அவன் கையில் கொடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இரண்டையும் செய்தார்கள். சாவியைக் கொடுத்தது என் அக்கா கல்யாணத்துக்கு முந்தின நாள்.

அப்பாவுக்கு ஜெனரேட்டர் வாடகைத் தொழில். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, கரண்ட் போனால் எங்களைக் கொண்டாடுவார்கள். (போகாவிட்டால், "தண்டத்துக்கு வந்து நின்னுகினு கீறானுங்க" என்பார்கள்.) ஜெனரேட்டர் தனியாக ஒரு டிரெய்லரில் உட்கார்ந்திருக்கும். அதை இழுக்க ஒரு கிழட்டு லோடு வண்டி இருந்தது. மேம்பாலம் ஏறும்போது அது விடும் பெருமூச்சைக் கேட்டால் நாமே இறங்கி நடந்துவிடலாம் போலிருக்கும். எனவே புது பிக்கப் வாங்குவது என்று முடிவாயிற்று. பின்னால் சாமான் ஏற்றும் பாடி எத்தனை அடி இருக்க வேண்டும் என்பதில்தான் குடும்பம் இரண்டாகப் பிளந்தது.

அப்போது நான் பொத்தேரியில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு நாவலூரில் ஒரு ஆபீசில் இருந்தேன். உடம்பு நாவலூரில் இருந்தது, மனசு அமெரிக்காவில். அங்கே தொப்பி போட்ட ஒரு மனிதர், பிக்கப்புக்குக் குட்டை பாடி நல்லதா நெட்டை பாடி நல்லதா என்று மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். குதிரையை இழுப்பார், படகை இழுப்பார், போதாததற்கு ஒரு முழு வீட்டையே சக்கரம் வைத்து இழுத்துக் காட்டுவார். நீள வண்டிதான் இழுக்கும்போது ஆடாமல் போகும் என்பது அவர் தீர்ப்பு. ஆனால் திருப்புவதற்கு இடம் நிறைய வேண்டும் என்றும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அந்தப் பகுதியை நான் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். (அறிவாளிகளுக்கு நேரம் குறைவு.)

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹால் டிவியில் லேப்டாப்பைச் சொருகி, படம் போட்டுக் குடும்பத்துக்கு விளக்கினேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தாள். அக்கா யாமினிக்குத்தான் வாய் சும்மா இருக்காது.

"பின்னால சீட்டு வெச்சு, குட்ட பாடியா ஒரு வண்டி கீதுல்ல? அத வாங்குனா இன்னா? எங்கனா போவணும்னா அம்மா உள்ள உக்காந்துகினு வருவாங்க."

"யக்கா, டெய்லி யூஸ் வேற, இழுக்கற டோயிங் வேற. உனக்குப் புரியாது."

"டெய்லியும் யூஸ் பண்ணப் போறது நாமதானடா? டிவில கீற தொப்பிக்காரனா வந்து ஓட்டப் போறான்?"

கேள்வி நியாயமானது. எனவே அப்பா பக்கம் திரும்பினேன். அப்பாவை எந்தப் பக்கம் தட்டினால் திறக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நைனா, நீள பாடின்னா பேரு ஃபுல்லா எழுதலாம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கம்பெனியின் முழுப் பெயர் 'செல்லியம்மன் துணை யாமினி தீபக் ஜெனரேட்டர் அண்டு ஷாமியானா சர்வீஸ்'. பழைய வண்டியின் பக்கவாட்டில் குலதெய்வத்தையும் அக்காவையும் எழுதியதும் இடம் தீர்ந்துவிட்டது. ஓவியர் சளைக்காமல் பின்கதவுக்குப் போய், 'ஒலி எழுப்பவும்' என்பதற்கு நேர் கீழே 'தீபக்' என்று எழுதி முடித்துவிட்டார். பள்ளிக்கூடம் முடியும் வரை என் பின்னால் வந்த அத்தனை பையன்களும் பாம் பாம் என்று ஒலி எழுப்பினார்கள். அமெரிக்காவில் பாடியின் நீளத்தை, ஏற்றப்போகும் பலகையை வைத்து முடிவு செய்கிறார்களாம். நாங்கள் எழுத்தை வைத்து முடிவு செய்தோம்.

"ஒன்பதடில எல்லாரும் வந்துருவமா?" என்றார் அப்பா.

"போன் நம்பரோட வருவோம் நைனா."

அவ்வளவுதான், ஒன்பதடி. பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சை நசுக்கி வண்டி வீட்டுக்கு வந்தது. சிவப்பு, மஞ்சள் நிழல் கொடுத்த எழுத்தில் நான் பக்கவாட்டில் பளபளத்தேன். பக்கக் கதவைத் திறந்து போட்டாலும் பெயர் தெரிய வேண்டும் என்று அப்பா உள்பக்கத்திலும் ஒரு முறை எழுத வைத்தார். எங்கள் தெருமுனையில் திரும்பவில்லை என்பதால் வண்டியைப் பெரிய ரோட்டிலேயே நிறுத்தவேண்டி வந்தது. அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளும் பக்குவம் எனக்கில்லை. தெருவைத்தான் குறை சொன்னேன்.

அக்கா கல்யாணம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரத்து மண்டபத்தில். மாப்பிள்ளை வீடு மதுராந்தகம். ஞாயிறு மாலை மாப்பிள்ளை அழைப்பு, நாலரைக்கு ராகு காலம். அதற்குள் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அவர்கள் பக்கத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்திலேயே ஜெனரேட்டர் உண்டு. ஆனால் சொந்த வீட்டுக் கல்யாணத்தில் அடுத்தவன் ஜெனரேட்டர் ஓடினால் அப்பாவுக்குத் தூக்கம் வருமா? எங்களுடையதும் கிளம்பியது.

வழக்கமாக வண்டி ஓட்டுபவர் பஷீர் பாய். அப்பாவின் நெடுநாள் சிநேகிதர், எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். அன்று அப்பாவைச் சொல்ல வைத்து அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டேன். சம்பந்தி வீட்டார் முன்னால் நான் ஸ்டைலாக வந்து இறங்க வேண்டாமா?

"தம்பி, பின்னால இழுவை கீது. ரிவர்ஸ்ல பேஜாரு பண்ணும்," என்றார்.

"எல்லாம் பாத்திருக்கேன் பாய்."

(பார்த்தது உண்மை. பார்த்தது மட்டும்தான் உண்மை.)

கிழக்குக் கடற்கரைச் சாலை வரை வண்டி ரயில் மாதிரி ஆடாமல் வந்தது. தொப்பிக்காரரை மனசுக்குள் கும்பிட்டேன். சாலையிலிருந்து கடல் பக்கம் பிரியும் சந்தின் கோடியில் மண்டபம். இரண்டு பக்கமும் ரிசார்ட்டுகளின் காம்பவுண்டுச் சுவர். மண்டப வாசலுக்குச் சற்று முன்னால், இடது பக்கச் சுவரில் ஒரு சின்ன இடைவெளி. ஜெனரேட்டரை ரிவர்ஸில் அதற்குள் விட வேண்டும்.

பஷீர் பாய் பின்னால் நின்று, "வா வா வா, ஒடி, ஒடி, இன்னும் ஒடி" என்றார். ஒடித்தேன். டிரெய்லர் நான் ஒடித்த பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போனது. நானும் எதிர்ப்பக்கம் ஒடித்தேன். அது மனசை மாற்றிக்கொண்டது. "வா வா வா" என்றபடியே இருந்தவர், டமால் என்று ஒரு சத்தம் கேட்டதும், "போதும்" என்றார்.

இறங்கிப் பார்த்தேன். வண்டியின் மூக்கு வலது சுவரில். டிரெய்லர் பேனாக்கத்தி மாதிரி மடங்கி, பாடியின் பின் பாதியில் சாய்ந்து, இடது சுவரில் சொருகியிருந்தது. சந்துக்குக் குறுக்கே, சுவர் முதல் சுவர் வரை, செல்லியம்மன் துணை யாமினி தீபக். இம்மி இடைவெளி இல்லை. முன்னால் போகவில்லை, பின்னால் போகவில்லை. கிளட்ச் கருகும் வாசனை மட்டும் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போனது.

அந்த நேரம் பார்த்துச் சந்து முனையில் நாதஸ்வரம் கேட்டது.

மாப்பிள்ளை கோட்டு சூட்டில் வந்துகொண்டிருந்தார். கூடவே சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். எல்லோருக்கும் முன்னால் அவருடைய தாய்மாமன். வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கவாட்டில் இருந்த பெயரை நிதானமாக, போன் நம்பர் வரை படித்தார்.

"இன்னாபா, பொண்ணு குடுக்க இஷ்டம் இல்லன்னா சொல்லிட வேண்டியதுதான? எதுக்கு செவுரு எழுப்பறீங்க?"

அந்தப் பக்கமிருந்து அப்பா ஓடிவந்தார். வண்டிக்கு மேலாகத் தலை மட்டும் தெரிந்தது. "சம்பந்தி, தோ ரெண்டே நிமிசம்! டேய், நாலரைக்கு ராகு காலம்டா! எடுடா வண்டிய!"

"கடற்கரை வழியா சுத்திகினு வரலாமே," என்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

"பட்டுப் பொடவ கட்டிகினு மணல்லயா?" என்றார் மாமன் மனைவி. அத்துடன் அந்த யோசனை செத்தது. நாதஸ்வரக்காரர் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தார். மணி நாலேகாலைத் தாண்டிவிட்டது. 'வந்த உடனே தடங்கலா' என்று கூட்டத்தில் ஒரு குரல் ஆரம்பித்தது. அது நாலு வாய்க்குப் போவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்.

போன் அடித்தது. மணமகள் அறையிலிருந்து அக்கா.

"டேய், அவரு வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா. வண்டிக்கு அந்தாண்ட கீறாரு."

"குறுக்க மாட்டிகினியா?"

"ம்."

"ரெண்டு பக்கமும் டோர் கீதுல்ல, எறக்கிவுடு. இப்டிக்கா ஏறி அப்டிக்கா எறங்கட்டும். என் கல்யாணம் நடந்து முடியட்டும், அப்பால உன்ன வெச்சுக்கறேன்."

பஷீர் பாயும் நானும் கொக்கிகளைக் கழற்றி இரண்டு பக்கக் கதவுகளையும் (டிரெய்லர் சாய்ந்திருந்த மண்டபப் பக்கம் முன் பாதிக் கதவை மட்டும்) மடக்கித் தொங்கவிட்டோம். இந்தப் பக்கம் நாலு பிளாஸ்டிக் சேர், அந்தப் பக்கம் நாலு. மேலே எங்கள் ஷாமியானா சிவப்புக் கம்பளம். மாப்பிள்ளை ஏறினார். தாய்மாமன் ஏறினார். தட்டுகள் ஏறின. தவில்காரரைத் தவிலோடு தூக்கிவிட்டோம். பாதிப் பாடியை டிரெய்லர் அடைத்திருந்தும் அத்தனை பேருக்கும் மீதிப் பாதி போதுமானதாக இருந்தது. குட்டை பாடியாக இருந்திருந்தால் இது நடக்குமா என்று அக்காவிடம் கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. (குட்டை பாடியாக இருந்திருந்தால் இதற்கு அவசியமே வந்திருக்காது என்பதும் உடனே உறைத்தது.)

மாப்பிள்ளை நடுவில் நின்றதுதான் தாமதம், போட்டோக்காரர், "சார் அங்கியே நில்லுங்க, லைட்டு சூப்பரா கீது" என்று கத்தினார். அம்மா வாசலுக்கு வைத்திருந்த ஆரத்தித் தட்டோடு வந்து, சேர் மேல் ஏறி, அங்கேயே சுற்றிப் பொட்டு வைத்தாள். நாலரைக்கு முன் மாப்பிள்ளையின் வலது கால் மண்டபத்துக்குள் இருந்தது. பிறகு அவருடைய நண்பர்கள் டிரெய்லரைக் கழற்றி, கையாலேயே இடைவெளிக்குள் தள்ளிவிட்டார்கள். கல்யாணம் முடியும் வரை கரண்ட் ஒரு நொடிகூடப் போகவில்லை.

அந்த வண்டி இன்னும் பெரிய ரோட்டில்தான் நிற்கிறது. பிரிட்ஜ், கட்டில், எது வாங்கினாலும் மாமா (அக்கா கணவர்), "தீபக் கையில கேட்டுக்கலாம். ரெண்டு பக்கமும் டோர் தொறக்குமான்னு மட்டும் பாத்துக்கங்க" என்பார்.

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கமே அந்தப் போட்டோதான். எல்லோரும் அம்சமாக இருக்கிறார்கள். கதவைத் தொங்கவிட்டதால் உள்பக்கத்து எழுத்து வெளியே வந்து, கீழே எங்கள் முழுப் பெயரும் தலைகீழாக இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படிக்க ஆல்பத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். அப்போது எழுத்து நேராகிவிடும்; கோட்டு சூட்டோடு மாமா தலைகீழாகத் தொங்குவார்.

"அப்டியே பாருங்க," என்பார் மாமா, சமையல்கட்டுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "கல்யாணத்துக்கு அப்புறம் நான் கீற நெலம அதான்."