நாளைக்கு மத்தியானம் ஒரு சத்தம் கேட்கும்

பயந்த மனிதனால் ஊருக்குக் கெடுதல் வராது என்று சொல்வார்கள். அப்படிச் சொன்னவர்கள் என்னோடு பழகாதவர்கள். துணிந்தவன் செய்யக்கூடிய சேதத்துக்கு ஓர் அளவு உண்டு. பயந்தவன் முன்னேற்பாடு செய்யத் தொடங்கினால் ஊர் தாங்காது. திருகோணமலை தாங்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பு ஏறாமல் அல்ல. பரீட்சை வைக்க ஒரு பெரியவர் வரப்போகிறார் என்றார்கள். அவர் வருவதற்கு முதல் நாளே நான் தச்சுப் பட்டறையில் போய் நின்றுகொண்டேன். (அவர் வரவேயில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்குள் உளி கையோடு ஒட்டிவிட்டது.)

சண்டைக் காலத்தில் துறைமுகத்தில் வேலை கிடைத்தது. ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போய்ச் சில மாதங்கள்தான். ஊர் பாதி காலி. மிச்சப் பாதி வானத்தைப் பார்த்தபடியே சோறு தின்றது. காற்றுக்கு ஒரு கதவு அடித்தால் போதும், பதுங்குகுழிக்குள் ஆள் இருக்கும். (அந்த ஆள் பெரும்பாலும் நான்.)

இந்த நேரம் பார்த்து எங்கள் துரைக்கு ஒரு பீரங்கிமேல் ஆசை வந்தது.

அது ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கி. இறங்குதுறைக்கு மேலே உள்ள மேட்டில், புல்லுக்குள் மூக்குப் புதைந்து கிடந்தது. எப்போதும் யாருடைய ஆடாவது அதில் கட்டியிருக்கும். அது ஏறியிருந்த மரவண்டி உக்கிப்போய் இரும்புப் பூண்கள் மட்டும் மிச்சம். யாரோ பெரிய தளபதி கப்பலில் வருகிறாராம். அவருடைய படகு மத்தியானம் கரை தொடும்போது இந்தப் பீரங்கியால் மரியாதை வெடி வைக்கவேண்டுமாம். இரும்பு வேலையை எங்கள் பட்டறைத் தலைவர் கந்தையா பாஸிடம் கொடுத்தார்கள். வண்டி என் தலையில் விழுந்தது.

மண்ணெண்ணெயும் மணலும் போட்டுத் தேங்காய்த் தும்பால் பீரங்கியைத் தேய்த்தோம். நான் தேய்த்தது பின்பக்கம் மட்டும். பழைய மருந்து உள்ளே கிடந்து வெடித்துவிட்டால் என்ற யோசனையில் அதன் வாய்க்கு நேரே ஒருநாளும் நின்றதில்லை. பாஸ் வாய்க்குள் கம்பியை விட்டு மண்ணையும் குளவிக்கூட்டையும் ஒரு வெற்றுச் சாராயப் போத்தலையும் இழுத்து எடுத்தபடி சொன்னார்:

"சவரி, இது எத்தினையோ வருசமாப் பேசாமக் கிடக்கிற சாமான். உன்னைக் கண்டுதான் கோவம் வரப்போகுதோ."

வண்டியை முதிரை மரத்தில் செய்தேன். இரண்டு பக்கப் பலகையையும் படிப்படியாக வெட்டி, பீரங்கியின் இரும்புக் காதுகள் உட்காரக் குழி எடுத்தேன். கீழே இரண்டு அச்சு, நான்கு குட்டிச் சில்லுகள். பின்பக்கத்தை நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆப்பு. பழைய பூண்களைப் பாஸ் பழுக்கக் காய்ச்சித் தர, புது மரத்தில் ஏற்றினேன். ஓர் ஆணி போதுமான இடத்தில் மூன்று அடித்தேன். பயத்தால் எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நன்மை, நான் செய்த சாமான் எதுவும் ஆடியதில்லை.

ஆனால் என் மனைவி திரேசா அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை. திடீர்ச் சத்தம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று மருத்துவிச்சி போகிறபோக்கில் சொன்னதை நான் மந்திரம்போலப் பிடித்துக்கொண்டேன். ஆகவே இரண்டு முன்னேற்பாடு செய்தேன்.

ஒன்று, பீரங்கிக்கு மருந்து போட வந்திருந்த செம்பட்டைத் தலைக் கடற்படைப் பையனைப் பிடித்தேன். காற்றில் ஒரு வயிறு வரைந்து காட்டி, "வைஃப். ஸ்மோல், ஸ்மோல்" என்று கெஞ்சினேன். அவனும் சிரித்து, கரிமருந்துப் பைகளில் ஆகச் சிறியதைத் தூக்கிக் காட்டினான். இரண்டாவது, அன்று பின்னேரம் திரேசாவிடம் சொல்லி வைத்தேன்.

"இஞ்ச, நாளைக்கு மத்தியானம் ஒரு சத்தம் கேட்கும். பயப்பிடாதை."

"என்ன சத்தம்?"

"அது சொல்ல ஏலாது. துறைமுகத்து விசயம்."

"பெரிய சத்தமோ?"

"பெரிசாவும் இருக்கலாம். காதைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள்ளை இரு. ஒருத்தருக்கும் சொல்லாதை."

வேலை விசயம் வெளியில் கதைத்தால் மறியல்வீட்டில் கம்பி எண்ணவேண்டும் என்று துரை எச்சரித்திருந்தார். அதனால் பீரங்கி என்ற ஒரு சொல்லை மட்டும் விழுங்கிவிட்டேன். அந்தச் சொல்லைத் துப்பியிருந்தால் ஊர் நிம்மதியாக மீன்குழம்பு வைத்திருக்கும்.

திரேசா சொல் தவறாதவள். ஒருத்தருக்கும் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு றோசலின் அக்காவைத் தவிர. றோசலின் அக்காவும் அப்படித்தான் யாரையோ தவிர்த்திருக்கிறார்.

காலையில் பட்டறைக்குப் போனேன். பாஸ் மட்டும் தனியாகப் பீடி புகைத்துக்கொண்டிருந்தார். கூலிக்காரர் ஒருவரும் இல்லை. வெளியே வந்து பார்த்தால் தெரு நிறையச் சனம். பாய், பானை, கோழி, படுத்த படுக்கையாய்க் கிடந்த கிழவர் ஒருவர்கூடக் கைவண்டியில் போகிறார். சிலர் நிலாவெளிப் பக்கம். மற்றவர்கள் கிண்ணியாத் தோணிக்கு.

"எங்கை அண்ணை எல்லாரும்?" என்று ஒருவரை மறித்துக் கேட்டேன்.

"தெரியாதோ? மத்தியானம் குண்டு போடப் போறானாம். துறைமுகத்திலை ஆரோ பெரிய ஆள், நேரத்தோடை சொன்னதாம்."

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி, இது நான் விட்ட கதையல்லவா என்று யோசித்திருப்பான். நான் வீட்டுக்கு ஓடினேன். துறைமுகத்துப் பெரிய ஆளே சொன்ன பிறகு நம்பாமல் இருக்க முடியுமா. திரேசாவைக் கூட்டிக்கொண்டு தப்பவேண்டும் என்பது ஒன்றுதான் நினைவு. அவள் கிண்ணியாத் தோணிக்குப் போய்விட்டாள் என்று வழியில் ஒருவர் சொன்னார். கதவில் பூட்டு தொங்கியது. அதைப் பார்த்தபடி நின்றபோதுதான் அந்தப் பெரிய ஆள் யார் என்று எனக்கு உறைத்தது.

(என்னை விட்டுவிட்டு ஏன் போனாய் என்று பிறகு கேட்டேன். "உங்களுக்குத்தானே நேரம் தெரியும். நீங்கள் வருவியள் எண்டு நினைச்சன்" என்றாள்.)

திரும்பிப் போனபோது, கதை யாரிடமிருந்து கிளம்பியது என்று விசாரித்துக்கொண்டு துறைமுக வாசலில் பொலிஸ் இன்ஸ்பெக்டர் நின்றார்.

"நீதானே சவரிமுத்து?"

"ஓம் ஐயா."

"ஜப்பான்காரன் உனக்கு எந்த வழியாலை சேதி அனுப்புறவன்?"

நான் மேட்டைக் கைகாட்டினேன். "ஐயா, அது குண்டில்லை. பீரங்கி. மேட்டிலை நிக்குது."

என்னை நடத்திக்கொண்டுபோய்ப் பார்த்தார். "இதோ? இதிலை ஆடெல்லோ கட்டிறவங்கள்."

"திருத்தினனாங்கள் ஐயா. பாஸைக் கேளுங்கோ."

பாஸ் பீடியை அணைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "திருத்தினது மெய்தான். வெடிக்குமோ எண்டு அதைத்தான் கேட்கவேணும்."

துரை தளபதியை அழைத்துவரக் கப்பலுக்குப் போய்விட்டார். எனக்காகப் பேச வேறு நாதி இல்லை. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார்.

"மத்தியானம் இது வெடிச்சால் நீ வீட்டை போ. வெடிக்காட்டில் என்னோடை வா. உளவாளியள் போற இடம் உனக்குத் தெரியுந்தானே. சும்மா புஸ் எண்டாலும் ஏலாது. ஒரு ஊர் ஓடுறதுக்குத் தக்க சத்தமா இருக்கவேணும். கொளுத்திறதும் நீதான்."

செம்பட்டைத் தலையன் அந்தச் சின்னப் பையோடு வந்தான். நான் பாய்ந்து அவன் கையைப் பிடித்தேன்.

"நோ ஸ்மோல். பிக்."

அவன் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, மனைவி என்ன ஆனாள் என்பதுபோலப் பார்த்தான். நான் கிண்ணியாப் பக்கம் கையை நீட்டி, "வைஃப் கோ" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. என் தோளைத் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டுப்போய், ஆகப் பெரிய பையை எடுத்துவந்தான். (அவள் என்னை விட்டு ஓடிவிட்டதாக அவன் இன்றைக்கும் தன் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.)

பையை உள்ளே தள்ளி, தும்பை அடைத்து இடித்தான். பின்பக்கத்துச் சின்னத் துவாரத்தில் மருந்து தூவினான். படகு கரையை நெருங்கியது. நீண்ட கம்பின் நுனியில் திரி புகைய, நான் கண்ணை மூடிக்கொண்டு நீட்டினேன். இரும்பில் பட்டது. மறுபடி நீட்டினேன். மறுபடியும் இரும்பு.

"கண்ணைத் திறவடா" என்றார் இன்ஸ்பெக்டர்.

திறந்தேன். திரி துவாரத்தைத் தொட்டது. புஸ் என்றது.

அவ்வளவுதான். கொஞ்சம் புகை, பிறகு அமைதி. நாள் முழுக்கச் சத்தத்துக்குப் பயந்தவன், அந்த அமைதிக்குப் பயந்ததுபோல வேறெதற்கும் பயந்ததில்லை. இன்ஸ்பெக்டர் என் பக்கம் ஓர் அடி வைத்தார். மாதாவே, வெடிக்க வையம்மா என்றேன்.

மாதா கேட்டாள். மேடு ஆடியது. துறைமுகத்துக் காகமெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பின. வண்டி பின்னால் துள்ளி உருண்டு, ஓர் ஆணிகூட அசையாமல் நின்றது. புகை விலகியபோது இன்ஸ்பெக்டர் புல்லில் குப்புறக் கிடந்தார். நான் பீரங்கியைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தேன். கீழே படகில் தளபதி, தொப்பியைப் பிடித்தபடி சிரிப்பது தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் எழும்பிப் புல்லைத் தட்டினார். "போ. இனிமேல் பெண்சாதிக்கு ஒண்டும் சொல்லாதை. இல்லாட்டி முழுக்கச் சொல்லு. பாதி சொல்லாதை."

கரி பூசிய முகத்தோடு தோணி பிடித்துக் கிண்ணியாவுக்குப் போனேன். முன்பின் அறியாத ஒரு முஸ்லிம் வீட்டு வாசலில், நிழலில் கதிரை போட்டுத் திரேசா தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை?" என்றேன். மூச்சு வாங்கியது.

"உதைக்குது. சத்தம் கேட்டுப்போட்டுக் கொஞ்சம் கூடவா உதைக்குது."

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு அதற்குமேல் எழும்பவேயில்லை.

ஊர்ச்சனம் சுற்றி நின்றது. "பாத்தியளே, சொன்ன நேரத்துக்குப் போட்டிட்டான்" என்றார் ஒருவர். அது பீரங்கி, ஆடு கட்டுகிற பழைய பீரங்கி, நானே வண்டி செய்தது, நானே கொளுத்தினது என்று இம்முறை முழுக்கச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

"ஓம், ஓம். துறைமுகத்து விசயம். அப்பிடித்தானே தம்பி நீங்கள் சொல்லவேணும்."

பிறகு ஒருவர் குனிந்து மெல்லக் கேட்டார்: "அடுத்தது எப்ப?"

சண்டை முடியும்வரை இந்தக் கேள்வி என்னை விடவில்லை. சண்டை முடிந்தபின் கப்பல் வரவு, மழை, கலியாணம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் நாள் கேட்பதாக வளர்ந்தது. போன மாதம் பேத்திக்கு நாள் வைத்தபோது, இறக்கக்கண்டியிலிருந்து வந்த சம்பந்திக் கிழவர் எல்லாம் பேசி முடித்தபின் என் பக்கம் சரிந்து, "அண்டைக்குச் சத்தம் ஒண்டும் இல்லைத்தானே?" என்றார்.

சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. "இல்லை" என்றேன். சபை முழுக்க மூச்சு விட்டது.

குசினிக்குள், அடுப்படியிலிருந்து திரேசாவின் குரல் மட்டும் வந்தது: "எதுக்கும் ஒரு தோணிக்குச் சொல்லி வையுங்கோ."