மூன்றாம் மாடிக் காட்டேரி

"ஜன்னல்ல யாருமே இல்லையே?" என்று கேட்டார் பச்சைத் தொப்பி போட்ட அம்மாள்.

தெருவில் நின்ற கூட்டம் முழுவதும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "அதோ பாருங்கள், ரத்தக்காட்டேரி!" என்று கையை நீட்டிக் கத்தியது வழிகாட்டிதான். பழக்கதோஷம். அந்தப் பழைய நகரத்தில் பேய் வீடுகளைச் சுற்றிக் காட்டுவது அவர் பிழைப்பு. உலாவின் கடைசி வீடு இது. இந்த இடத்துக்கு வந்ததும் வருடக்கணக்காக அவர் இப்படித்தான் கத்துவார். கத்திய கையோடு மூன்றாம் மாடி ஜன்னலில் வெள்ளைத் துணி போர்த்திய ஓர் உருவம் தோன்றி, மெதுவாக ஒரு கையைத் தூக்கி, வா என்று அழைக்கும். கூட்டம் அலறும். அலறல் அடங்கியதும் எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

இன்றைக்கு ஜன்னல் காலி. அந்தக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தவள் அவர் மனைவி. போன மாதம் அவள் இறந்துபோனாள். அதன்பிறகு அவர் வேலைக்கு வந்திருப்பது இன்றுதான்.

"அது வந்துங்க..." என்றார் வழிகாட்டி. வாயில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் கோரைப்பல் கழன்று உதட்டில் தொங்கியது. கன்னம் வற்றிப்போனதிலிருந்து அந்தப் பல் அவர் பேச்சைக் கேட்பதில்லை. அதைத் தள்ளி உள்ளே மாட்டிக்கொண்டு, வாய்க்கு வந்ததைச் சொன்னார். "காட்டேரிக்கு இன்னிக்கு உடம்பு சரியில்லைங்க."

"செத்துப்போனவங்களுக்கு உடம்புக்கு என்னங்க வரப்போகுது?" என்றார் பச்சைத் தொப்பி.

கூட்டம் சிரித்தது. வழிகாட்டியும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. பல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "உலா முடிஞ்சுதுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாள் காலை முதலாளியம்மா கூப்பிட்டனுப்பினார். அவருடைய அலுவலகம் நகரத்துப் பழைய வாசலை ஒட்டிய சின்ன அறை. சுவர் பூராவும் பூண்டு மாலைகள் தொங்கும். காட்டேரிக்குப் பூண்டு ஆகாது என்று வழிகாட்டி கதை சொல்ல, அவர் மாலை விற்பார். அந்த நெடியில் காட்டேரி என்ன, கொசுகூட உள்ளே வராது.

"உங்க வருத்தம் எனக்குப் புரியாம இல்லை" என்றார் முதலாளியம்மா. அது உண்மைதான். மனைவி இறந்த அன்று முதலில் ஓடிவந்தவர் அவர். "ஆனா காட்டேரி இல்லாத காட்டேரி உலாவை நான் எப்படி நடத்தறது? நாடகத்துல நடிக்கிற பொண்ணு ஒருத்தி இருக்கா. நாளையிலேர்ந்து வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா."

"ஏன்?"

"அந்த இடத்துல வேற பொம்பளை நிக்க வேண்டாம்."

"அப்போ யாரு நிப்பா?"

"நான் ஏற்பாடு பண்றேன்" என்றார் வழிகாட்டி. என்ன ஏற்பாடு என்று அவருக்கே தெரியாது.

அவரும் மனைவியும் வீட்டில் அப்படியொன்றும் கொஞ்சிக் குலாவுகிறவர்கள் இல்லை. குழாய் ஒழுகுவது, குடை தொலைந்தது என்று பேச்சு முடிந்துவிடும். "இந்தப் பல்லைப் பாத்தா எனக்குப் பயம் வரலை, பல் டாக்டர் ஞாபகம்தான் வருது" என்பாள். ஆனால் சாயங்காலம் அந்த ஜன்னலில் கை உயரும்போது மட்டும் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கூட்டத்துக்கு அது காட்டேரி ரத்தம் குடிக்கக் கூப்பிடுவது. அவருக்கு அது, வேலை முடிந்தது, வாங்க வீட்டுக்குப் போகலாம் என்று பெண்டாட்டி கூப்பிடுவது. உலா முடிந்து அவர் உள்ளே போவார். துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அவள் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்பார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "முதல் நாள் சாயங்காலம்கூட மூணு மாடி ஏறி நின்னு கை காட்டினவ. நோவு நொடின்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை. தூக்கத்துலயே போயிட்டா." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். கஷ்டப்படாமல் போனாள் என்பது ஒன்றுதான் அவர் கையில் மிச்சம் இருந்தது.

ஏற்பாடு என்று சொல்லியாகிவிட்டது. அவர் மைத்துனனைப் பிடித்தார். மனைவியின் தம்பி. நல்ல பிள்ளை, ஆனால் எந்த வேலையையும் தேவைக்கு மேல் நன்றாகச் செய்துவிடுவான்.

"அக்காவுக்காகச் செய்யறேன் மாமா" என்று சொல்லி, தையல் கடையிலிருந்து ஒரு பொம்மையைத் தூக்கிவந்தான். தலையில் முடி கிடையாது. வெள்ளைத் துணி போர்த்தினால் யாருக்குத் தெரியப்போகிறது? கையில் கயிறு கட்டி, அறைக்குள் ஜன்னலுக்குக் கீழே அவன் ஒளிந்துகொண்டு இழுப்பதாக ஏற்பாடு.

அன்றைய கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஓர் ஆசாமி இருந்தார். வழிகாட்டியைவிட அவருக்குக் காட்டேரிகளைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது. காட்டேரிக்கு முகம் பார்க்கும் கண்ணாடியில் உருவம் தெரியாது, வீட்டுக்காரர் கூப்பிடாமல் வாசலைத் தாண்டி உள்ளே வராது, தானியத்தை இறைத்தால் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிடும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"அதோ பாருங்கள்!" என்று வழிகாட்டி கத்தினார்.

மைத்துனன் கயிற்றை இழுத்தான். அவன் இழுத்த இழுப்பில் கை உயர்ந்தது, தோளைவிட்டுக் கழன்றது, ஜன்னலுக்கு வெளியே வந்தது, கண்ணாடிக்காரரின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கீழே விழுந்தது.

கூட்டம் அலறியது. கண்ணாடிக்காரர் அலறியதுதான் எல்லாவற்றையும்விடச் சத்தம்.

"கொலைகாரப் பசங்களா!" என்றார் அவர். "கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தா என் மண்டை என்ன ஆயிருக்கும்?"

முதலாளியம்மா அவருக்கு ஒரு பூண்டு மாலையை இலவசமாகக் கொடுத்துச் சமாதானம் செய்தார். பிறகு வழிகாட்டியிடம், "நாடகப் பொண்ணு தயாரா இருக்கா" என்றார்.

"இன்னும் ஒரு நாள் குடுங்கம்மா."

அடுத்த நாள் மைத்துனனே துணியைப் போர்த்திக்கொண்டான். பொம்மையைவிட மோசமாகச் செய்ய என்ன இருக்கிறது என்று வழிகாட்டி நினைத்தார். இருந்தது. துணியில் ஒரு மாதத்துத் தூசி. அவன் கையைத் தூக்கியதும் தும்மல் வந்தது. ஒரு தும்மல் இல்லை, வரிசையாக. அடுத்து துணிக்குள்ளே போன் அடித்தது. அதன் வெளிச்சத்தில் மூக்கும் தாடியும் பளிச்சென்று தெரிந்தன.

"ஹலோ... ஆமா, வேலையிலதான் இருக்கேன்... காட்டேரியா இருக்கேன்டா, அப்புறம் பேசறேன்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "மாமா, போதுமா? இன்னொரு தடவை கை காட்டவா?" என்று கேட்டான்.

அன்று எல்லாரும் போனபிறகு வழிகாட்டி அந்த வீட்டுக்குள்ளே போய் மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். அவள் உட்காரும் இடம். வீட்டுக் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து எதிரே நின்றான். பெரிய மீசை, அதற்குப் பொருத்தமான தொப்பை. அளந்து பேசுகிற ஆள். பெரும்பாலும் அளப்பதோடு நிறுத்திக்கொள்வான்.

"ஐயா" என்றான். "நான் வேணா நிக்கட்டுங்களா?"

"நீயா?" வழிகாட்டிக்கு அத்தனை வருத்தத்திலும் சிரிப்பு வந்தது. "நீ கையைத் தூக்கினா ஓடற பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருக்கும்யா. அவ கையைத் தூக்கறது எப்படி இருக்கும் தெரியுமா? முதல்ல விரல் மட்டும் லேசா அசையும். அப்புறம் மணிக்கட்டு. வரட்டுமா வேண்டாமான்னு யோசிக்கிற மாதிரி மெதுவா உசரும். அதெல்லாம் கூடப் பொறந்தவனுக்கே வரலை, உனக்கு எப்படி வரும்?"

காவலாளி தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டப் போனான்.

மறுநாள் முதலாளியம்மா முடிவாகச் சொல்லிவிட்டார். "இன்னிக்கு ஒரு நாள்தான். நாளையிலேர்ந்து அந்தப் பொண்ணு நிக்கிறா. உங்களுக்குக் கோபம்னா என்மேல கோபப்பட்டுக்குங்க."

கோபமில்லை. அழுகைதான் வந்தது. நாளைக்கு ஒரு புதுக் கை அந்த ஜன்னலில் உயரும். கூட்டம் அலறும். நாள்பட நாள்பட, பழைய கை எப்படி இருந்தது என்பது தனக்கே மறந்துபோய்விடும். அதுதான் அவருக்குப் பயம். ஊராருக்கெல்லாம் பேயைக் காட்டிப் பயமுறுத்தியவருக்கு உண்மையில் வந்த பயம் அது ஒன்றுதான்.

அன்றைக்கு அவர் யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. பல்லையும் மாட்டவில்லை. கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே நிறுத்தினார். எப்போதும் சொல்கிற கதையை ஆரம்பித்தார்.

"ரொம்ப காலத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு வியாபாரியோட பெண்டாட்டி இருந்தா. ஊர்ல காய்ச்சல் வந்தப்போ செத்துப்போனா. செத்தும் அவளுக்கு வீட்டை விட்டுப் போக மனசு வரலை. பொழுது சாயற நேரம் ஜன்னல்ல வந்து நிப்பா. கையை ஆட்டிக் கூப்பிடுவா. அவ கூப்பிட்டு யாராவது மேல போனா, காலையில அவங்க உடம்புல ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. அதனால அவ கூப்பிட்டா யாரும் போகக்கூடாது..."

அதற்குமேல் கதை வரவில்லை.

"அதெல்லாம் பொய்ங்க" என்றார். "இங்க நின்னது என் பெண்டாட்டி. அவ இப்போ இல்லை. சாகறதுக்கு முதல் நாள் சாயங்காலம்கூட இங்க ஏறி நின்னு என்னைப் பாத்து இப்படிக் கை காட்டினா. நான் இருந்த அவசரத்துல பதிலுக்குக் கைகூட ஆட்டலை. கூட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இன்னிக்கு அவ கூப்பிட்டா நான் போவேங்க. ரத்தம் என்னங்க பெரிய ரத்தம்? எடுத்துக்கட்டும்."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். கூட்டம் ஒரு நிமிடம் திகைத்தது. பிறகு யாரோ கைதட்ட, எல்லாரும் சேர்ந்து பலமாகத் தட்டினார்கள். "என்ன நடிப்பு!" என்றார் ஒருவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுக்கு எவ்வளவு வேணாலும் குடுக்கலாம்" என்றாள் ஒரு பெண்மணி.

அப்போது கூட்டம் அலறியது.

வழிகாட்டி கையை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் வெள்ளை உருவம் நின்றது. முதலில் விரல்கள் லேசாக அசைந்தன. பிறகு மணிக்கட்டு. வரட்டுமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கை மெதுவாக உயர்ந்து, வா என்று அழைத்தது.

அவள்தான். சந்தேகமே இல்லை. அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் அந்தக் கை வராது.

"இதோ வந்துட்டேன்!" என்று கத்திக்கொண்டு அவர் வீட்டுக்குள்ளே பாய்ந்தார். இதுவும் காட்சியில் சேர்த்திதான் என்று கூட்டமும் பின்னாலேயே ஓடியது. படிகள் செங்குத்தானவை. முதல் மாடியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தினம் தினம் இதையா ஏறினாள் என்று நினைத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "ஏறுங்க சார், விடாதீங்க!" என்று உற்சாகப்படுத்தினார்கள். மிச்சப் படிகளைக் கிட்டத்தட்ட தவழ்ந்தே ஏறிக் கதவைத் தள்ளினார்.

ஜன்னலருகே நின்ற உருவம் திரும்பியது. துணிக்கு வெளியே ஒரு பெரிய மீசை நீட்டிக்கொண்டிருந்தது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வழிகாட்டி சிரிக்கவில்லை. கோபப்படவும் தெம்பில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காவலாளி துணியைக் கழற்றி, பத்திரமாக மடித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றான். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"அது அவ கைதான்யா" என்றார் வழிகாட்டி. "அப்படியே அவ கை. எப்படிய்யா உனக்கு வந்துச்சு? எங்கேயிருந்து பாத்துக் கத்துக்கிட்டே?"

காவலாளி குனிந்த தலையை நிமிர்த்தாமல் சொன்னான்:

"பாத்துக் கத்துக்கலைங்க ஐயா, கடைசி ஒரு வருஷம் பூரா இங்க நின்னதே நான்தான், மாடி ஏறினா இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு, உங்க வீட்டம்மா கீழ்ப்படியில உக்காந்து எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க."