நான் தொலைத்த பதிவறை

பேனாவைத் தொலைத்தவர்கள் உண்டு, குடையைத் தொலைத்தவர்கள் உண்டு. பூட்டுப் போட்ட ஓர் அறையையே தொலைத்தவன், எனக்குத் தெரிந்து, மதுரை மாவட்டத்தில் நான் ஒருவன்தான்.

கல்யாணமாகி ஆறு மாதம். உதவிப் பொறியாளர் உத்தியோகம். வெள்ளைக்காரன் காலத்துக் கோட்டாட்சியர் அலுவலகம் ஒன்றைப் புதுப்பித்து நவீனமாக்கும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். அந்தக் கட்டடத்தைப் பற்றி என்னத்தைச் சொல்ல! ஓர் ஆணி அடித்தால் பாதிச் சுவர் கையோடு வரும். மின்சார வயரைப் பிடித்துக்கொண்டு போனால், அது எங்கேயோ சுவர்ப் பூச்சுக்குள் புகுந்து காணாமல் போய்விடும். போதாததற்கு, கோட்டாட்சியர் மாறுதலில் போகிறார், அதற்குள் அவர் கையால் திறந்தாக வேண்டும் என்று தினமும் போன். (நான் என்ன மந்திரவாதியா?)

ஊழியர்கள் எல்லாரும் வாடகைக் கட்டடத்துக்குப் போயிருந்த நேரம். கொத்தனார் கருப்பையா வந்து நின்றார்.

"சார், இந்தச் செவத்துக்கு நடுவுல ஒரு கதவு இருக்கு. பூட்டிக் கெடக்கு."

வரைபடத்தைப் பார்த்தேன். வெறும் சுவர்தான் இருந்தது. அது நான் அளந்து போட்ட வரைபடமல்ல, பழையதைப் பார்த்து அப்படியே நகலெடுத்தது. பிற்பாடு யாரோ தாழ்வாரத்தை அடைத்து உண்டாக்கிய அறை அதில் எப்படி இருக்கும்? இந்த ஞானம் எனக்கு அப்போது வரவில்லை.

"பிளான்ல கதவு இல்லண்ணே."

"கண்ணு முன்னாடி நிக்குதே சார்!"

"பிளான்ல இல்லாதத விட்டுவச்சா ஆடிட்ல யாரு பதில் சொல்றது? அடைச்சிருங்க."

முணுமுணுத்துக்கொண்டே அடைத்தார், பூசினார். சுவர் அவ்வளவு வழவழப்பாக வந்ததால், திறப்பு விழாக் கல்வெட்டையும் அதிலேயே பதித்தோம்.

விழாவுக்கு மேலூரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். "எம் மருமகன் கட்டுன ஆபீசு" என்று வாசலில் பைக் நிறுத்துகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு அங்கே இன்னொரு வேலையும் இருந்தது. பட்டாவைக் கணினியில் ஏற்றியபோது அவருடைய வயலில் பாதி பக்கத்து வயல்காரர் பெயருக்குப் போயிருந்தது. இரண்டு வருடமாக அலைந்து, அன்று பதினொரு மணிக்குக் கடைசி விசாரணை. மறுநாள் கோட்டாட்சியர் கிளம்பிவிடுவார். புதிதாக வருகிறவரிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாமாவின் அசல் பத்திரங்கள் அத்தனையும் அலுவலகக் கோப்பில்.

ரிப்பன் வெட்டினார்கள், கல்வெட்டைத் திறந்தார்கள், கை தட்டினோம். கோட்டாட்சியர் புது நாற்காலியில் உட்கார்ந்து மாமாவின் கோப்பைக் கேட்டார். கண்காணிப்பாளர் சரோஜா மேடம் சாவிக்கொத்தோடு போனார். வெறுங்கையோடு வந்தார். மறுபடியும் போனார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"சார், பதிவறை எங்க?"

"எந்தப் பதிவறை?"

"தூசி படக்கூடாதுன்னு எல்லா ஃபைலையும் உள்ள வச்சுப் பூட்டச் சொல்லி நீங்கதான லெட்டர் போட்டீங்க?"

கல்வெட்டுப் பதித்த சுவரைத் திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் கருப்பையா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயத்தைக் கேட்ட கோட்டாட்சியர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "இடிங்க."

"ஐயா, அதுக்கு எஸ்டிமேட் போட்டு, மேலிடத்துல ஒப்புதல் வாங்கி, ஒரு மூணு மாசம்..."

சத்தியமாக இப்படித்தான் சொன்னேன்! இரண்டு வருடம் அலைந்த மனிதர் பக்கத்தில் நிற்கிறாரே என்பதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

மாமா என்னைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். கருப்பையா ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்துக் கொடுத்தார். (கேட்காமலேயே!)

"தள்ளுங்க மாப்ள."

முதல் இடியிலேயே கல்வெட்டு கீழே விழுந்து, கோட்டாட்சியரின் பெயர் இரண்டு துண்டானது. நாலாவது இடியில் கதவு தெரிந்தது. தலை முதல் கால் வரை சிமெண்டுத் தூசியோடு மாமா விசாரணையில் நின்றார். சாயங்காலம் பட்டா அவர் பெயருக்கே வந்தது. எனக்கு வந்தது மெமோ.

மாமாவைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"நல்லவேள மாப்ள, செவத்தக் கெட்டியாக் கட்டாமப் போனீங்க. இல்லாட்டி இன்னைக்கு வேல முடிஞ்சிருக்காது."

இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் டீச்சர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக வீட்டில் யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார்.

"எங்கப்பா கவர்மெண்டு ஆபீசு கட்டுவாரு மிஸ்" என்றாளாம்.

"தாத்தா?"

"அத இடிப்பாரு."