பீரங்கி வண்டிக்கு எண்ணெய்க் குளியல்

குழந்தையைக் குளிப்பாட்டியவர்கள் உண்டு, மாட்டைக் குளிப்பாட்டியவர்கள் உண்டு. நான் இரண்டையும் செய்திருக்கிறேன். கூடவே ஒரு பீரங்கி வண்டியையும் குளிப்பாட்டியிருக்கிறேன். சீயக்காய் போட்டு, பழைய டூத் பிரஷால் இடுக்கெல்லாம் தேய்த்து, துண்டால் துவட்டி, தேங்காய் எண்ணெய் தடவி. அப்போது எனக்கு வயது இருபத்திரண்டு. புத்தி எத்தனை என்று கேட்காதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகி நான்கு மாதம். உப்பிலியபுரம் பக்கத்தில் நெல்லும் மரவள்ளியும் போடுகிற வீட்டில் பிறந்த நான், கைலாசபுரம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்திருந்தேன். சுற்றிலும் ஆபீசர் வீட்டம்மாக்கள், டீச்சர் அம்மாக்கள். சேற்றில் வளர்ந்த பெண் என்று எவரும் சொல்லிவிடக் கூடாதே என்று தினம் இரண்டு வேளை வீட்டைக் கழுவித் துடைத்தேன். (பக்கத்து வீட்டம்மா ஒருநாள், "உங்க வீட்டுல பைப் உடைஞ்சிருச்சா?" என்று கேட்டே விட்டார்.)

என் வீட்டுக்காரர் சேகர் அங்கே டிராயிங் ஆபீஸில் வேலை பார்த்தார். அதிகம் பேச மாட்டார். சீட்டாட்டம் கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரே ஒரு பழக்கம்தான். கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா மகன் வெளிநாட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதற்குள் நூற்றுக்கணக்கில் பிளாஸ்டிக் துண்டுகள். பொறுமையாக ஒட்டினால் ஒரு சாண் நீளத்துக்குப் பீரங்கி வண்டி. சக்கரத்தைச் சுற்றி ஓடும் பட்டை, மேலே திரும்புகிற தலை, அதிலிருந்து நீளும் குழல், சுண்டுவிரல் உயரத்தில் நான்கு சிப்பாய்கள், எல்லாம் அச்சு அசல்.

ஸ்ரீரங்கத்தில் மூத்த மகனோடு இருந்த என் மாமியாருக்கு இது அறவே பிடிக்காது. என்னைப் பெண் பார்க்க வந்தபோதே சொல்லிவிட்டார். "பத்து வயசுல பிளேன் ஒட்டுனான், சரின்னு விட்டேன். இருபத்தொம்பது வயசுலயும் பொம்மையாம்மா? கல்யாணம் ஆனா திருந்திடுவான்." அதாவது, திருத்துகிற வேலை என் தலையில்.

நான் திருத்தியது இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்குப் போனவர் கையில் மூன்றடுக்கு டிபன் கேரியரோடு திரும்பி வந்தார். மாமியார் புளியோதரை கொடுத்து அனுப்பியிருப்பார் என்று நம்பி, நான் அன்றைக்கு உலையே வைக்கவில்லை. ஆசையாகத் திறந்தேன். மேல் அடுக்கில் மணல். நடு அடுக்கில் வண்டல். கீழ் அடுக்கில் கொழகொழவென்று கறுப்புச் சேறு.

"என்னங்க இது?"

"கொள்ளிடத்து மண்ணு," என்றார் பெருமையாக. "அங்கதான் நல்ல சேறு."

சேற்றிலிருந்து தப்பித்து வந்தவளுக்குச் சேற்றை டிபன் கேரியரில் வைத்து பஸ் ஏற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறார். என்ன சொல்ல? உப்புமா கிண்டினேன்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை நடந்தது. நடுநடுவே எட்டிப் பார்ப்பேன். ஒரு பலகை நிறையச் சேறு. புத்தம் புதிதாக ஒட்டிய வண்டி அந்தச் சேற்றில் கிடக்கும். தொழிற்சாலையில் எதைச் செய்தாலும் ஓட்டிப் பார்த்துச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இதையும் சேற்றில் ஓட்டிச் சோதிக்கிறார் போல என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று சாயங்காலம் கம்யூனிட்டி ஹாலில் ஊழியர்களின் கைவேலைக் கண்காட்சி. இவர் பேர் கொடுத்துவிட்டு வந்தார். "அம்மாவையும் வரச் சொல்லியிருக்கேன் வசந்தா. ஒரு தடவை நேர்ல பார்த்துட்டாங்கன்னா பொம்மைன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். நான்கு மாதத்தில் அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆயுத பூஜை காலையில் ஆபீஸில் செக்ஷன் பூஜைக்குக் கிளம்பும்போது, "எல்லாம் முடிஞ்சிருச்சு. அஞ்சு மணிக்குத் தூக்கிட்டுப் போக வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். வண்டி முழுக்கச் சேறு. பட்டையில் துரு. புகை பிடித்த குழல். இதையா நாலு பேர் பார்க்கத் தூக்கிக்கொண்டு போவது? 'ஐயோ பாவம், கழுவ நேரமில்லை போலிருக்கு. நாம எதுக்கு இருக்கோம்?' என்று புடவையை இழுத்துச் செருகினேன்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் அப்பா விடியற்காலையிலேயே டிராக்டரைக் கழுவி, எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார். இங்கே அரிவாள்மணை, கத்தரிக்கோல், இவருடைய ஸ்கேல் எல்லாம் பூஜைக்கு வந்துவிட்டன. வீட்டில் நிஜமான ஆயுதம் என்று சொன்னால் இது ஒன்றுதான். இதற்குச் செய்யாமல் எதற்குச் செய்வது?

குளிப்பாட்டினேன். துரு போகிற வரை தேய்த்தேன். எண்ணெய் தடவியதும் வண்டி பச்சைப் பசேலென்று மின்னியது. நெற்றியில், அதாவது குழலுக்குக் கீழே, சந்தனம் குங்குமம். நான்கு சிப்பாய்களையும் தனித்தனியாகக் குளிக்கவைத்து, தீக்குச்சியால் ஆளுக்கொரு சந்தனப் பொட்டு வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினேன். பலகையில் இருந்த சேற்றைச் சுரண்டிச் செம்பருத்திச் செடிக்குப் போட்டேன். பலகையைக் கழுவி அதில் பொரி, கடலை, வாழைப்பழம் வைத்தேன். கடைசியில் இருப்பதிலேயே சின்னதாக ஒரு எலுமிச்சம்பழத்தைப் பட்டைக்கு அடியில் வைத்து, வண்டியை மேலே ஏற்றி ஒரு அழுத்து அழுத்தினேன். 'படக்' என்றது. பழம் நசுங்கவில்லை. இடப்பக்கத்துப் பட்டை கழன்று விழுந்தது. (அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. திருஷ்டி கழிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.)

பன்னிரண்டரை மணிக்குப் பொரிப் பொட்டலத்தோடு வந்தார். நான் வாயெல்லாம் பல்லாகக் கதவைத் திறந்து, "சாமி ரூமைப் பாருங்களேன்" என்றேன்.

பார்த்தார். அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சேறு எங்க வசந்தா?"

"செம்பருத்திக்குப் போட்டேங்க. நல்லா பூக்கும்."

"துரு?"

"அதுதாங்க போகவே மாட்டேன்னுது. தேய்ச்சுத் தேய்ச்சுக் கை எரியுது."

"போகாதுதான்," என்றார். "ரெண்டு மாசம் கஷ்டப்பட்டு வச்சேன்."

"எதை?"

"அழுக்கை. அதுக்கு வெதரிங்னு பேரு. வண்டியை யார் வேணும்னாலும் ஒட்டிடலாம். அது சண்டைக்குப் போயிட்டு வந்த வண்டி மாதிரி தெரியணும்ல, அதுதான் வேலையே."

கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. பலகையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பரவாயில்ல விடு. ஹாலுக்குப் போய்ப் பேரை அடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். "அம்மா வந்தா பொரி சாப்பிட்டுப் போகட்டும்."

அந்தப் பேச்சு என்னை உலுக்கிவிட்டது. பெற்ற தாய் ஒரு தடவையாவது பார்க்கட்டும் என்று ஒரு மனுஷன் ஆசைப்பட்டார். அதைச் சீயக்காய் போட்டுக் கழுவிவிட்டேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "அழுக்குதானே வேணும்? அஞ்சு மணிக்குள்ள நான் ஆக்கித் தரேன்" என்றேன். அவர் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். "தாயே, அவசரம், மன்னிச்சுக்கோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வண்டியைத் தூக்கினேன். எண்ணெய் பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது என்றார். ஆக, ஒரே நாளில் அதற்கு இரண்டாவது குளியல். அவர் சிப்பாய்களின் பொட்டை அழிக்க உட்கார்ந்தார். நான் செம்பருத்தியைத் தோண்டிச் சேற்றை மீட்டு, வடித்த கஞ்சியை ஊற்றிப் பிசைந்தேன். அவர் பழையபடி வண்டி முழுக்க ஒரே சீராகப் பூச ஆரம்பித்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க இருங்க. சேத்துல மாட்டுன வண்டியை நீங்க பார்த்திருக்கீங்களா?"

"புத்தகத்துல பார்த்திருக்கேன்."

"நான் வருஷா வருஷம் பார்த்திருக்கேன். மூஞ்சியில எங்கயாவது அடிக்குமா? பின்னாடிதான் வாரி அடிக்கும். சக்கரத்துக்கு நடுவுல அப்பிக்கிட்டு இருக்கும். மேல காஞ்சு வெளுத்துப் போயிருக்கும், கீழ கறுப்பா ஈரமா இருக்கும். தள்ளுங்க."

தள்ளி உட்கார்ந்தார். கழன்ற பட்டையை ஒட்ட நேரமில்லை. "சேத்துல மாட்டுனா கழலத்தானே செய்யும்?" என்று அதையும் சேற்றில் பாதி புதைத்துக் கிடத்தினேன். சிப்பாய்கள் நான்கு பேரும் வண்டியைத் தள்ளுவதாக அவர் திட்டம். "எந்த ஊர்ல நாலு பேரும் தள்ளுவாங்க? ஒருத்தர் தள்ளுவாரு, மூணு பேரு யோசனை சொல்லுவாங்க" என்று மாற்றி நிறுத்தினேன். அன்றைக்கு அவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

புகைக்கு ஸ்டவ் கரி கிடைத்தது. துருதான் பிரச்சினை. கப்பலில் வந்த பெயின்ட் புட்டிகள் எல்லாம் காலி. நான் அடுப்படிக்குப் போய் ஒரு பாட்டிலோடு வந்தேன். மாமியார் தன் கையாலேயே வறுத்து, ஸ்ரீரங்கத்து மெஷினில் அரைத்துக் கொடுத்திருந்த சாம்பார் பொடி. "இந்தக் கலர்தானேங்க?" விரலில் தொட்டுப் பட்டையில் தடவிப் பார்த்தார். கண்ணை விரித்தார். "அப்படியே துரு!" என்றார். கால் பாட்டில் செலவானது. கஞ்சி தீர்ந்துபோனதால் பாதிப் பொடியை அப்படியே தூவிவிட்டோம். அந்தப் பாதிதான் வினை.

மொட்டை வெயிலில் மதில்மேல் காயவைத்து, ஐந்து மணிக்கு ஹாலில் கொண்டுபோய் வைத்தோம். கூட்டம் கூடியது. பெரிய அதிகாரி ஒருவர் ஒவ்வொரு மேஜையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் மேஜையில் நின்றார். குனிந்தார். "அடடா, அந்தத் துருவைப் பாருங்க!" என்று இன்னும் குனிந்தார். மூக்கு குழலைத் தொடுகிற சமயத்தில் மூலையில் சுழன்றுகொண்டிருந்த பெடஸ்டல் ஃபேன் எங்கள் பக்கம் திரும்பியது.

முதல் தும்மலில் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்த சிப்பாய் சாய்ந்தார். மூன்றாவது தும்மலில் கண்ணாடி கழன்று சேற்றில் விழுந்தது. அதற்குமேல் நான் எண்ணவில்லை, ஏனென்றால் நானும் தும்மிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றவர்கள், மாலை வைத்திருந்தவர், போட்டோ எடுக்க வந்தவர், எல்லோருக்கும் தும்மல். யாரோ ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார்கள். சரியாக அந்த நேரத்தில் என் மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். காற்றை ஒரு இழுப்பு இழுத்தார். பீரங்கி வண்டியைப் பார்த்தார்.

"ஏண்டா சேகரு, இது என் பொடியில்ல?"

கணீர்க் குரல் அவருக்கு. கடைசி மேஜை வரைக்கும் கேட்டது. பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றேன். பிளக்கவில்லை. அதிகாரிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டே முதலில் சிரித்தார், அப்புறம் மொத்த ஹாலும் சிரித்தது.

மாமியார் சிரிக்கவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு பலகையை நிதானமாகப் பார்த்தார். "சேறு நிஜச் சேறு மாதிரியே இருக்கே," என்றார். "அந்த மூணு பேரும் சும்மா நிக்கிறானுங்க பாரு, உங்க அண்ணன் மாதிரியே. யாருடா பண்ணது?"

இவர் அத்தனை பேருக்கும் முன்னால் என்னைக் காட்டினார். "வண்டி மட்டும்தான்மா நான் பண்ணது. சேறு, துரு எல்லாம் வசந்தா. இவ இல்லைன்னா இது வெறும் பொம்மைதான்."

அந்த வார்த்தைக்கு இன்னும் நூறு பீரங்கி வண்டி கழுவலாம் என்று அப்போது தோன்றியது. மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கல்யாணம் ஆனா திருந்துவான்னு பார்த்தேன். இப்ப ரெண்டாச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் எதிர்ப்பட்டவர்களை எல்லாம், "அங்க என் மகன் பண்ணினது இருக்கு, போய்ப் பாருங்க, மூக்கை மட்டும் கிட்டக் கொண்டு போகாதீங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தார்.

முதல் பரிசு, தீக்குச்சியில் கோபுரம் கட்டியவருக்கு. எங்களுக்கு ஆறுதல் பரிசாக ஒரு எவர்சில்வர் சம்படம். வண்டி இன்றைக்கும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. யோசனை சொல்லும் சிப்பாய்களில் ஒருவர் நெற்றியில் அவர் அழிக்க மறந்த சந்தனப் பொட்டும் இருக்கிறது. ஆயுத பூஜை வந்தால், நான் ஈரத்துணியைக் கையில் எடுத்த உடனே இவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் ஷோகேஸுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அந்தச் சம்படத்தில்தான் இன்றுவரை சாம்பார் பொடி வைத்திருக்கிறேன். இத்தனை வருஷத்தில் என் சமையல் நன்றாக இருக்கிறது என்று அவர் வாயைத் திறந்து சொன்னதில்லை. சாம்பார் ருசியாக அமைகிற அன்றைக்கு மட்டும் வேறு ஒன்று சொல்வார். எனக்கு அது போதும், பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. மகனுக்குப் பெண் கொடுக்க வந்த சம்பந்தி வீட்டாருக்குத்தான் நாங்கள் முன்கூட்டியே சொல்லிவைக்கவில்லை. முதல் பந்தியில், அவர்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டவர், கண்ணை மூடி ரசித்துச் சொன்னார்:

"வசந்தா, இன்னிக்குத் துரு பிரமாதம்!"

சம்பந்தியம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, சாம்பார் வாளியை மெதுவாகச் சாய்த்து அடியில் எட்டிப் பார்த்தார்.