லான்மடாவ் பீவர்கள்

பர்மாவில் பீவர் என்ற பிராணி கிடையாது. நேற்றும் கிடையாது, முந்தாநாளும் கிடையாது. குளிர்தேசத்து ஆறுகளில் மரத்தைக் கடித்துச் சாய்த்து, அணை கட்டி, அந்த அணைக்குள் குடும்பம் நடத்தும் பிராணி அது. பார்த்தால் கொழுத்த எலி மாதிரி இருக்குமாம். தட்டையாக ஒரு வால் வேறு. ஆகவேதான் யாங்கோன் நகரில் அதற்கென்று ஓர் அலுவலகம் திறக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டது. இருக்கிற பிராணியை எவன் வேண்டுமானாலும் கவனித்துக்கொள்வான். இல்லாத பிராணிக்கு அதிகாரிகளை விட்டால் வேறு நாதி ஏது?

விஷயம் இதுதான். எங்கேயோ ஒரு தேசத்தில் காட்டு பீவர்கள் சில பாக்டீரியத் தொற்றில் செத்துப்போயின. இது மனிதருக்கும் தாவலாம் என்று அந்த ஊர் நிபுணர்கள் உலகத்துக்கெல்லாம் எச்சரிக்கை அனுப்பினார்கள். மற்ற ஊர்க்காரர்கள் படித்துவிட்டு ஓரமாகப் போட்டார்கள். நம்மவர்கள் கீழ்ப்படிந்தார்கள். 'காட்டு பீவர்களின் பாக்டீரியத் தொற்று மனித குலத்துக்குத் தாவாமல் தடுக்கும் விசேஷப் பிரிவு' என்று நகரின் லான்மடாவ் பேட்டையில் பலகை மாட்டி, முழங்கால் பூட்ஸ், மருந்து தெளிக்கும் யந்திரம், சேறு உறிஞ்சும் பம்பு, வேலையாட்கள் என்று சகல பரிவாரங்களோடும் வந்து உட்கார்ந்தார்கள். அன்று முதல் லான்மடாவில் ஒரு மனிதனுக்காவது பீவரால் நோய் வந்ததுண்டா? இல்லை. இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

அந்த அலுவலகத்துக்குத்தான் அம்சவேணி போனாள். தெருவோரத்தில் தோசைக்கடை போடுகிறவள்; பழைய கட்டடம் ஒன்றின் கீழ்வீட்டில் குடியிருப்பவள். பின் சந்துச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வீட்டுக்குள் ஏற, அதை வாளி வாளியாக இறைத்த அவள் புருஷன் முரளிதரன் எலிக்காய்ச்சலில் விழுந்தான். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, பேச்சு குழறி, போய்ச் சேர்ந்துவிடுவான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரி டாக்டர் எப்படியோ இழுத்துப் பிடித்தார்.

"ஆளைக் காப்பாத்திட்டேன். ஆனா அந்தத் தண்ணிக்குள்ளேயே திரும்பக் கொண்டுபோனா அப்புறம் என்னால ஆகாது. சாக்கடையைத் திறந்துவிட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போ" என்றார்.

சாக்கடைப் பிரிவில் போய்க் கேட்டாள். பம்பு முழுக்க பீவர் பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள்.

பீவர் பிரிவின் அதிகாரி நம் தமிழர்தான். கோயிலில் உதயசூரியன், அலுவலகத்தில் ஊ நே லின். பர்மியப் பேரில் கையெழுத்துப் போடுவார். முடியாது என்று சொல்வதை மட்டும் தமிழில் சொல்வார், மனசு நோகக்கூடாது என்று. ஊராருக்கு அவர் 'ஸயா', அதாவது பர்மியத்தில் ஐயா.

"ஸயா, சாக்கடை அடைச்சுக்கிட்டு நிக்குது. பூனை பூனையா எலி ஓடுது. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடக்கார்."

"எலியா?" என்று ஸயா முகத்தைச் சுளித்தார். "எலிக்கும் இந்தப் பிரிவுக்கும் சம்பந்தமில்லை அக்கா. பீவர் உண்டா?"

"அது எப்படி இருக்கும் ஸயா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதபாராயணம் போல ஒப்பித்தார். "நீர் ஓரத்தில் குடும்பம் குடும்பமாக வசிக்கும். ஓடுகிற தண்ணீரில் கைக்குக் கிடைத்ததைப் போட்டு அணை கட்டும். போடும்போது யார் கண்ணிலும் படாது. விடிந்து பார்த்தால் அணை மட்டும் உயர்ந்திருக்கும்."

அம்சவேணிக்கு அது அச்சுஅசலாகத் தன் பின் சந்து மாதிரியே பட்டது. பம்பு வரும் என்றால் யானை முட்டை இடுகிறது என்றுகூடச் சொல்லியிருப்பாள், பாவம்.

"இருக்கு ஸயா. நெறைய இருக்கு!"

ஸயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உத்தியோகத்தில் சேர்ந்த நாள் முதல் இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே அவர் காத்துக் கிடந்தார்!

மறுநாளே பூட்ஸ் மாட்டிய பரிவாரத்தோடு ஆய்வுக்கு வந்தார். லான்மடாவ் பின் சந்தை அறியாதவர்கள் உண்டா? இரண்டு வரிசைக் கட்டடங்களின் முதுகுக்கு நடுவே ஓடும் சந்து. முன் பக்கம் வாசலைக் கூட்டிப் பெருக்கிப் பூ வைக்கிறவர்கள்தான் பின் பக்கம் ஜன்னலைத் திறந்து, பையை விட்டெறிந்து, ஜன்னலை மூடிக்கொள்கிறவர்கள். பின் சந்துக்கு ஜன்னல் உண்டே தவிர முகம் கிடையாது.

தேங்காய் மட்டை, மீன்சாறு ஊற்றிய மோஹிங்கா வாங்கிவந்த டப்பா, ஒற்றைச் செருப்பு, கிழிந்த மெத்தை எல்லாம் சேர்ந்து தண்ணீரைக் குறுக்கே மறித்து நின்றன. ஸயா தடியால் குத்திப் பார்த்தார்.

"சந்தேகமே இல்லை. இது அணை" என்றார். "ஆனால் பிராணியைக் காணோமே?"

சொல்லி வாய் மூடவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒரு பை தொப்பென்று வந்து அணைமேல் விழுந்தது. எதிர் வரிசையிலிருந்து இன்னொன்று. ஸயா மெதுவாக அண்ணாந்து பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலில் பர்கத்துல்லா பாயின் தலை தெரிந்தது.

"அசையாதீங்க!" என்று கத்தினார் ஸயா. "படம் எடுக்கணும்!"

"அய்யய்யோ, அவரு பர்கத்துல்லா பாய், ஸயா! குடைக்கடை வச்சிருக்கார்!" என்று பதறினாள் அம்சவேணி.

"வச்சிருக்கட்டும். இந்த அணையைக் கட்டியது எலியா?"

"இல்ல."

"மழையா?"

"இல்ல ஸயா... நாங்கதான் போடுறோம்."

"நீங்களுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் போடுறாங்களேன்னு..."

"கூட்டமாக வாழும் குணமும் பொருந்துகிறது" என்று ஸயா உதவியாளரிடம் சொன்னார். உதவியாளர் தயங்கினார். வால் இல்லையே? ஸயா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "பழகப் பழக வரும்."

ஆக, அந்தக் கட்டடத்தார் அனைவரும் காட்டு பீவர்கள் என்று அன்று மாலையே முறைப்படி அறிவிக்கப்பட்டது.

"சரி ஸயா, என்னவோ வச்சுக்கோங்க. பம்பு எப்ப வரும்?"

"பம்பா? பீவர் கட்டிய அணையைக் கலைப்பது பெருங்குற்றம் அக்கா. பக்கத்தில் ஒரு மனிதராவது குடியிருந்தால் மட்டும்தான், அவருடைய பாதுகாப்புக்காகக் கலைக்கலாம். உங்கள் கட்டடத்தில்தான் மனிதர் யாரும் இல்லையே!"

அம்சவேணி அங்கே நிற்கவில்லை. ஓடிப்போய்க் கட்டடத்தாரிடம் சொன்னாள். வாருங்கள், எல்லோரும் சேர்ந்து போய் நாங்கள் மனிதர்தான் என்று சொல்லுவோம் என்றாள். ஆனால் அதற்குள் அங்கே வேறு காற்று அடிக்க ஆரம்பித்திருந்தது.

எலிக்காய்ச்சல் வந்த வீடு என்றால் சாக்கடை வீடு. பீவர் தொற்று வரக்கூடிய வீடு என்றால்? வெளிநாட்டுச் சங்கதி அல்லவா! பர்கத்துல்லா பாய் கடைப் பலகையில் தன் பேருக்குப் பின்னால் 'பீவர்' என்று சேர்த்து எழுதினார், குடை விற்பனை பறந்தது. அவர் மனைவி உம்மு சல்மா தட்டை வால் வடிவத்தில் கைப்பை தைத்தாள். அதைக் கேட்டுப் படியில் வரிசை நின்றது. பக்கத்துத் தெருக்காரர்களுக்குப் பொறுக்குமா? அவர்களும் அணையை உயர்த்தி, தாங்களும் பீவர்தான் என்று மனுப் போட்டார்கள். மிங்கலாடோன் பக்கத்துப் பெரிய வீட்டுக்காரர்களுக்குக் குப்பை போதவில்லை. காரில் போய் வாங்கிவந்து கொட்டினார்கள். கடைசியில் ஸயாவின் குடும்பத்தாரே ஒரு நல்ல நாள் பார்த்துப் பதிந்துகொண்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்தும் ஆள் வந்து கூப்பிட, அம்சவேணி ஓடினாள். டாக்டர் அனுப்பிவைக்கும் சீட்டை நீட்டினார். "என்னைத் தப்பா நினைக்காதேம்மா. இது மனுஷங்க ஆஸ்பத்திரி. உன் வீட்டுக்காரரை இனிமே வச்சிருக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அந்தத் தண்ணிக்குள்ளயா கொண்டுபோகச் சொல்றீங்க?"

"பீவருக்குத் தண்ணிதான் உகந்ததுன்னு மேலேருந்து சொல்றாங்க."

முரளிதரன் வீட்டுக்கு வந்தான். செங்கல் அடுக்கி உயர்த்திய கட்டிலில் அவனைப் படுக்க வைத்தாள். கட்டிலுக்கு அடியில் கறுப்புத் தண்ணீர் நின்றது. அன்று பெய்த மழையில் அது இன்னும் ஏறியது. அவன் உடம்பு மறுபடி அனலாகக் கொதித்தது. அம்சவேணி அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

அப்போதுதான் பாராட்டு விழா வந்தது. லான்மடாவில் பீவர் தொற்று ஒரு மனிதருக்குக்கூடப் பரவவில்லை என்பதற்காக ஸயாவுக்குக் கேடயம். மண்டபம் நிரம்பி வழிந்தது. எல்லோர் தோளிலும் தட்டை வால் பை. அம்சவேணி கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குக் கீழே போய் நின்றாள்.

"ஸயா! என் புருஷனுக்கு மறுபடி காய்ச்சல் வந்திருச்சு. செத்துப்போயிடுவார் ஸயா. அணையை உடையுங்க!"

ஸயா கல்நெஞ்சர் அல்ல. ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

"சட்டத்தில் வழி இருக்கிறது. உங்கள் கட்டடத்தில் ஒரே ஒரு மனிதர் இருந்தால் போதும். இந்த நிமிஷமே பம்பை அனுப்புகிறேன். மனிதர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்."

அம்சவேணி கையைத் தூக்கினாள்.

பாதி தூக்குவதற்குள் உம்மு சல்மா அந்தக் கையை எட்டிப் பிடித்தாள். "வேணாம் அம்சா. உன் கஷ்டம் புரியுது. ஆனா எங்க பொண்ணு ஸமீராவுக்கு நல்ல இடத்துல பேசி முடிச்சிருக்கோம். பீவர் குடும்பம்னுதான் அவங்க ஒத்துக்கிட்டதே. ஒரே கட்டடம், நீ மனுஷின்னா நாங்க யாரு?" இன்னொரு கையைப் பர்கத்துல்லா பாய் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ தோளை அழுத்தினார்கள். எல்லாம் நல்ல மனசுள்ளவர்கள்தான். முரளிதரன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவர்கள்.

ஸயா சுற்றுமுற்றும் பார்த்தார். தூக்கிய கை ஒன்றுகூட இல்லை.

லான்மடாவில் மனிதர் எவரும் இல்லை என்ற தீர்மானம் பலத்த கரகோஷத்துக்கிடையே ஏகமனதாக நிறைவேறியது.